வல், சூது, பந்தயம்: சொற்கள் காட்டும் ஒரு பழக்கத்தின் வரலாறு

பொருளை முன்வைத்து, இன்னது நிகழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றின்மேல் துணிந்து இறங்கும் பழக்கத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிவரும் சொற்களும் வழக்கிழந்த சொற்களும் பல. வல், கவறு, சூது, ஆயம், ஒட்டம், பணயம், பந்தயம், பெட்டு என நீளும் இவ்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. அப்பழக்கத்தை அந்தக் காலத்துச் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதையும் சேர்த்தே சுமந்துவந்தது. இவற்றுள் சூது என்ற சொல்மேல் படிந்த பழி வள்ளுவர் காலந்தொட்டு இன்றுவரை நீங்கவில்லை என்பதும், அப்பழியைத் தவிர்க்க விரும்பியவர்கள் அதே செயலுக்கு வேறு வேறு பெயர்களைத் தேடிக்கொண்டார்கள் என்பதும் இச்சொற்களின் வரலாற்றை நெருங்கிப் பார்க்கும்போது தெளிவாகின்றன.

கிடைக்கும் சான்றுகளுள் மிகப் பழைய சொற்களில் ஒன்று வல் என்பது. சூதாடும் கருவியை இச்சொல் குறித்தது என்பர் உரையாசிரியர்கள். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம், வல் என்ற சொல்லோடு நாய், பலகை என்னும் சொற்கள் வந்து சேரும்போது வல்லநாய், வல்லப்பலகை என்று புணரும் என்பதற்குத் தனி விதியே வகுத்திருக்கிறது. இங்கே நாய் என்பது விலங்கைக் குறிக்காமல் பலகைமேல் நகர்த்தும் காயைக் குறிக்கிறது. இலக்கணம் ஒரு சொல்லின் புணர்ச்சிக்கெனத் தனியே விதி செய்கிறது என்றால், அச்சொல் அன்றாடப் பேச்சில் ஓயாது புழங்கியிருக்க வேண்டும். காயும் பலகையும் வைத்து ஆடும் ஆட்டம் அக்கால ஊர்வாழ்வில் எவ்வளவு இயல்பாக இடம்பெற்றிருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆட்டம் நடந்த இடத்தைப் புறநானூற்றின் 52ஆம் பாடல் கண்முன் நிறுத்துகிறது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடிய அப்பாடல், அவனுடைய பகைவரின் நாடு பாழ்பட்டுக் காடாகிப்போன நிலையைச் சொல்லும்போது, பொதியில் என்னும் ஊர்ப் பொதுமன்றத்தைக் காட்டுகிறது. தூணில் உறைந்த கடவுள் அதைக் கைவிட்டுப் போய்விட்டது, பலியிடுவாரும் இல்லை, நரைத்த முதியவர்கள் உட்கார்ந்து காய்களை வைத்து வைத்து ஆடியதால் குழிந்துபோன ஆட்டக்களத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஒரு நாட்டின் அழிவைச் சொல்வதற்குப் புலவர் எடுத்துக்கொண்டது அரண்மனையை அன்று, கிழவர்கள் ஆடிய இடத்தில் விழுந்த குழியை என்பது கருதத்தக்கது. ஊர் செழிப்பாக இருந்ததன் அடையாளமாகவே அக்குழி பாடலில் இடம்பெறுகிறது. ஆடியவர்கள்மேல் பழிச்சொல் ஒன்றுகூட இல்லை.

கலித்தொகையின் 136ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே சென்று காதலையே ஆட்டத்தின் சொற்களால் அளக்கிறது. கடற்கரை மணல்மேட்டில் நண்டுகள் ஓடிய வரிகள், ஆடுகளத்தில் இடைவிடாது கவறு உருட்டியதால் விழுந்த தடங்களைப் போலத் தோன்றுகின்றன; தலைவன் உடனிருந்தபோது தலைவி பத்து விழுந்தவனின் மனம்போல மகிழ்ந்தாள் என்றும், அவன் நீங்கியபோது சிறு வித்தம் விழுந்தவனைப் போலத் துயருற்றாள் என்றும் தோழி உரைக்கிறாள். கவறு என்பது உருட்டும் காய். பத்து என்பது வெற்றிதரும் பெரிய எண். வித்தம் என்பது உருட்டி விழும் எண்ணிக்கை. இச்சொற்களுக்குப் புலவர் எந்த விளக்கமும் தராததால், கேட்டவர்கள் அனைவரும் அவற்றை அறிந்திருந்தனர் என்று கொள்ளலாம். கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருப்பது, பாடல்கள் பேசும் இவ்வாழ்வுக்கு மண்ணிலிருந்து வந்த துணைச்சான்று.

இந்த இயல்பான தொனி திருக்குறளில் முற்றிலும் மாறிவிடுகிறது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 94ஆம் அதிகாரமாகச் சூதை வைத்த வள்ளுவர், வெற்றி கிடைத்தாலும் அதை விரும்பாதே என்று தொடங்கி, தூண்டிலின் இரும்பை மீன் விழுங்கியதற்கு அவ்வெற்றியை ஒப்பிடுகிறார். கவறு, உருளாயம் முதலிய ஆட்டச் சொற்களை அவர் நன்கு அறிந்து கையாள்கிறார். ஆயம் என்பது ஆட்டத்தில் வரும் ஊதியம். உருளாயம் என்பது உருளும் கவற்றால் வரும் ஆயம். ஒன்றை வென்று நூற்றை இழக்கும் சூதர் என்றும், இழக்க இழக்க ஆட்டத்தின்மேல் ஆசை பெருகும் என்றும் அவர் சொல்வது, அறிவுரை என்ற எல்லையைத் தாண்டி, ஆடுபவனின் மனத்தை உடனிருந்து பார்த்தவரின் கூற்றாகவே ஒலிக்கிறது. இன்றும் சீட்டாட்ட மேசையில் தோற்றவன் எழுந்து போகாமல், விட்டதைப் பிடித்துவிடுகிறேன் என்று மறுபடியும் உட்காருகிறானே, அந்த மனநிலையை அதன் வேரோடு அறிந்து எழுதியவர் வள்ளுவர்.

அதே அதிகாரத்தில் சூதாடும் இடத்துக்கு அவர் வழங்கும் சொல் கழகம். கழகத்தில் காலம் கழிப்பது செல்வத்தையும் பண்பையும் கெடுக்கும் என்பது அவர் கருத்து. உரைகாரர்களும் அதற்குச் சூதாடு களம் என்றே பொருள் எழுதினர். பலர் கூடும் அவை என்ற பொதுப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அப்பொருளே வளர்ந்து 20ஆம் நூற்றாண்டில் பதிப்பகத்தையும் பல்கலைக்கழகத்தையும் அரசியல் இயக்கத்தையும் குறிக்கும் பெருமைக்குரிய சொல்லாகக் கழகம் உயர்ந்தது. சூதோடு ஒட்டியிருந்து அப்பழியிலிருந்து முழுமையாக விடுபட்ட சொற்களுள் இது ஒன்று எனலாம்.

வள்ளுவரின் தீர்ப்பை எல்லா நூலும் அப்படியே ஏற்றுக்கொண்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கோழிவென்றி, தகர்வென்றி, குதிரைவென்றி, யாழ்வென்றி என வெற்றிகளை வகைப்படுத்தும்போது, சூதுவென்றியையும் ஒரு துறையாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆடிப் பெற்ற வெற்றியும் பாடத்தக்க வெற்றியே என்ற ஒரு மரபு நீதிநூல்களுக்குப் பக்கத்திலேயே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது.

ஆயினும் மக்கள் பேச்சில் நிலைத்தது வள்ளுவரின் பார்வைதான். வடமொழியின் த்யூதம் என்ற சொல் பிராகிருத வழியாகத் தமிழில் சூது ஆனது என்பது சொற்பிறப்பாளர் பலரின் கருத்து. ஆட்டத்தைக் குறித்த இச்சொல் நாளடைவில் வஞ்சகத்தைக் குறிப்பதாக விரிந்தது. சூதுவாது தெரியாத பிள்ளை என்று ஒருவரைப் பாராட்டும்போது அவருக்குக் காய் உருட்டத் தெரியாது என்று யாரும் பொருள்கொள்வதில்லை. பாரதக் கதை ஊர்தோறும் கூத்தாகவும் பிரசங்கமாகவும் நடந்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. வில்லிபுத்தூராரின் பாரதம் முதல் பாரதியாரின் பாஞ்சாலி சபதம் வரை, சகுனி உருட்டிய காய்கள் ஆட்டத்தையும் வஞ்சனையையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கிவிட்டன. பாரதியார் தம் காவியத்தின் ஒரு பகுதிக்குச் சூதாட்டச் சருக்கம் என்றே பெயரிட்டார். புகழேந்தியின் நளவெண்பாவில் நளன் புட்கரனிடம் நாட்டை இழப்பதும் இதே வழியில்தான்.

இக்கதைகளோடு சேர்ந்து வேரூன்றிய சொல் பணயம். ஆட்டத்தில் ஈடாக முன்வைக்கப்படும் பொருளே பணயம். நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் தருமன் வரிசையாக வைத்தது பணயமாக. பண என்ற வடமொழிச் சொல்லுக்கு ஆட்டத்தில் வைக்கும் ஈடு, கூலி, நாணயம் ஆகிய பொருள்கள் உண்டு என்பதும், பணம் என்ற நம் அன்றாடச் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தது என்பதும் அறியத்தக்கவை. இன்று ஆட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்ட பணயம், உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார் என்று வீரத்தையும், பணயக்கைதி என்று ஆளைப் பிடித்துவைத்துப் பேரம் பேசும் கொடுமையையும் குறிக்கிறது. பகடைக்காய் என்ற சொல்லும் அவ்வாறே, பிறர் நகர்த்த நகரும் மனிதரைக் குறிக்கும் அரசியல் சொல்லாகிவிட்டது.

பொருளை வைக்காமல் சொல்லையும் மானத்தையும் வைத்துப் பந்தயம் கட்டும் வழக்கமும் பழையது. அகராதிகள் ஒட்டம், ஒட்டு என்ற சொற்களுக்குப் பந்தயம் என்றும் உறுதிமொழி என்றும் பொருள் தருகின்றன. தெலுங்கில் ஒட்டு என்றால் ஆணை. வாக்குக் கொடுத்தலும் பந்தயம் கட்டுதலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயல் அன்று. வாது என்னும் சொற்போரில் தோற்றவர் இன்னது செய்ய வேண்டும் என்று முன்னரே ஒத்துக்கொள்வது மரபாக இருந்தது. திருஞானசம்பந்தரோடு வாதிட்ட சமணர்கள் தோற்றால் கழுவேறுவதாக ஒப்புக்கொண்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. தோற்ற புலவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூராரை அருணகிரிநாதர் வென்றார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. அவர் மட்டும் ஜெயித்தால் காதை அறுத்துக்கொள்கிறேன், ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன், என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று தேர்தல் காலத்து டீக்கடைகளில் கேட்கும் பேச்சு இம்மரபின் எச்சம். காசு கைமாறாத இப்பேச்சை யாரும் சூது என்பதில்லை.

வீட்டுக்குள் நுழைந்து பழி நீங்கிய இன்னொன்று தாயம். வடமொழி தாய என்பதிலிருந்து வந்த இச்சொல்லுக்குப் பங்கு, பரம்பரை உரிமை என்பன மூலப்பொருள். தாயாதி என்ற உறவுச்சொல்லும் தாயபாகம் என்ற சட்டச்சொல்லும் அதன் வழிவந்தவை. ஆட்டத்தில் அது ஒன்று என்ற எண்ணைக் குறிக்கிறது. பித்தளையாலான நீண்ட இரண்டு தாயக்கட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள் உண்டு. மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும், ஒன்று வெறுமையாக இருக்கும். உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டும்போது ஒரு கட்டை ஒற்றைப் புள்ளியையும் மற்றது வெறும் பக்கத்தையும் காட்டினால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காயைக் களத்தில் இறக்க முடியாது என்பதே ஆட்டத்தின் அடிப்படை விதி. எதிராளியின் காயை வெட்டி, கட்டம் முழுவதும் சுற்றி நடுவீட்டைச் சேர்ந்த காய் பழமாகிறது. தாயம் விழுந்தாலொழிய உள்ளே வர உரிமையில்லை என்ற இவ்விதியில், உரிமை என்ற அதன் பழைய பொருளின் நிழல் தெரிகிறது. பெண்களும் குழந்தைகளும் காசு வைக்காமல் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து ஆடியதால், கவற்றின் நேர்வாரிசான இவ்வாட்டம் சூது என்ற பெயரிலிருந்து தப்பியது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதமோ பக்தியாகவே மாறிவிட்டது.

இன்று பெருவழக்காக உள்ள பந்தயம், தெலுங்கின் பந்தெம் என்ற சொல்லோடு தொடர்புடையது. ஆந்திரத்தில் சங்கராந்தியின்போது நடக்கும் கோழிச்சண்டைக்குக் கோடி பந்தெம் என்றே பெயர். ஈடு வைத்தல், போட்டி என்ற இரு பொருளும் இச்சொல்லில் பிரியாமல் கிடக்கின்றன. ஓட்டப்பந்தயத்திலும் மாட்டுவண்டிப் பந்தயத்திலும் ஓடுபவருக்கு அது போட்டி, வேடிக்கை பார்ப்பவர்களுள் சிலருக்கு அது பணம். இந்த இரட்டைப் பொருளே பந்தயத்துக்குச் சூதுக்கு இல்லாத மரியாதையைத் தந்தது. திறமையும் உழைப்பும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பந்தயம் என்றும், கை மட்டும் தெரியும் இடத்தில் சூது என்றும் பேச்சுவழக்கு ஓரளவு பிரித்துவைத்திருக்கிறது.

இந்த எல்லைக்கோட்டில் நிற்பது சேவல்கட்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், தன் சேரிக்காகப் போரிட்ட கோழிக்கு எழுத்துப் பொறித்து நடுகல் எடுத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, அது ஒரு காலத்தில் ஊரின் மானம் சார்ந்த போராக இருந்தது விளங்கும். கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி நடக்கும் கட்டில் வழங்கும் சொற்கள் தனித்தன்மை வாய்ந்தவை. காலில் சிறு கத்தி கட்டிவிடுவது கத்திக்கால். கட்டாமல் விடுவது வெற்றுக்கால். தோற்ற சேவல் கோச்சை எனப்படும். அது வென்றவருக்கு உரியது. கட்டு நடத்த நீதிமன்றங்கள் அனுமதி தரும்போது, காலில் கத்தி கட்டக் கூடாது, பணம் கட்டக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் விதிப்பது வழக்கம்.

கட்டு என்ற வினை இங்கே கவனத்துக்குரியது. பந்தயமும் பெட்டும் கட்டப்படுகின்றன, குதிரையின்மேல் பணம் கட்டப்படுகிறது, பணயமோ வைக்கப்படுகிறது. சூது மட்டும் ஆடப்படுகிறது. தோற்ற பணம் விடப்படுகிறது. வென்றபோது தாயமும் பரிசும் தாமாக விழுகின்றன, அல்லது லாட்டரி அடிக்கிறது. விழுதல், அடித்தல் என்ற வினைகளில் மனித முயற்சிக்கு இடமே இல்லை. உழைத்துப் பெற்ற ஊதியத்துக்கு இவ்வினைகளைத் தமிழர் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்பது, பேச்சுவழக்கு தானாகவே செய்துவைத்த தெளிவான அறப்பாகுபாடு.

ஐரோப்பியர் வருகை இத்துறையில் சொற்களைப் பெருக்கியது. சீட்டுக்கட்டின் ஆடுதன், கிளாவர் ஆகிய பெயர்கள் டச்சுக்காரர் வழியாக வந்தவை. உள்ளே, வெளியே என்று இரு பக்கமும் மாறிமாறிச் சீட்டுப் போட்டு, கேட்ட சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்பதன்மேல் பணம் கட்டும் ஆட்டத்துக்கு மங்காத்தா என்று பெயர் வந்தது. சென்னை கிண்டியில் 1777இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் குதிரைப் பந்தயமும், 1896இல் அமைந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பும் ரேஸ், ஜாக்கி, புக்கி, டிப்ஸ், ஜாக்பாட் என்று ஒரு தனிச்சொல்தொகுதியை நகரத்துக்குக் கொடுத்தன. ரேஸில் விட்டான் என்ற இரண்டு சொற்களில் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி முழுவதையும் சென்னைவாசிகள் சொல்லிமுடித்தனர்.

ஆங்கிலேயர் சட்டமும் பெயர்களைப் பிரித்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதை வைத்து வழக்காட முடியாது என்று விதித்தது. ஆனால் 500 ரூபாயும் அதற்கு மேலும் பரிசுள்ள குதிரைப் பந்தயத்துக்காகப் பணம் சேர்ப்பதை விலக்காக்கியது. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் சூதைக் குற்றமாக்கி, வெறும் திறன் சார்ந்த ஆட்டங்களை விட்டுவைத்தது. பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வாடிக்கையாக வரும் தலைப்பு இச்சட்டத்தின் குழந்தை. செல்வர்கள் ஆடியது விலக்காகவும் மரத்தடியில் ஏழைகள் ஆடியது குற்றமாகவும் ஆனதை நீதி என்று ஏற்பது கடினம். 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது; அது பெரிதும் திறன் சார்ந்தது, எனவே சூதாகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிண்டியில் 1945இல் 99 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு ரத்துசெய்தது 2024 செப்டம்பரில்தான்.

அரசே பெயர் மாற்றத்தில் இறங்கியதும் உண்டு. 1968இல் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தொடங்கியபோது அதற்குப் பரிசுச் சீட்டு என்று பெயர் சூட்டியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் இழப்பையே கொடையாக்கிக் காட்டியது. பரிசு என்பது தகுதிக்குக் கிடைப்பது; குலுக்கலில் விழுவதற்கு அப்பெயரை இட்டது, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டிருந்தாலும், பெரும் தவறு. நாள்கூலி வாங்கியவர்கள் வீடு சேருமுன் சீட்டுக் கடையில் நின்ற காலம் அது. 2003இல் லாட்டரி முழுவதும் தடைசெய்யப்பட்டபின், மூன்று நம்பர் லாட்டரியும், நியூயார்க் பருத்திச் சந்தை விலையின் எண்களைவைத்துப் பம்பாயில் பிறந்த ஆட்டத்தின் வழிவந்த காட்டன் சூதாட்டமும் மறைவில் தொடர்கின்றன. பருத்தி விலையோடு எல்லாத் தொடர்பும் அறுந்துபோனபின்னும் வட மாவட்டங்களில் காட்டன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

கைபேசி வந்தபின் சூதுக்குக் கிடைத்த புதிய பெயர் விளையாட்டு. ரம்மிக்கு ஓரளவு திறன் வேண்டும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பற்றிக்கொண்டு, இணைய ரம்மி நடத்திய நிறுவனங்கள் தம்மைத் திறன் விளையாட்டுத் தொழில் என்று அழைத்துக்கொண்டன. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், தமிழ்நாடு 2022இல் இயற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டம், இணையவழிச் சூதாட்டத் தடை, இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறை என்று தன் தலைப்பிலேயே இரண்டு சொற்களையும் தாங்கி நின்றது. ரம்மியும் போக்கரும் சூதின் பட்டியலில் சேரா என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறனா வாய்ப்பா என்ற நெடுநாள் கேள்வியை ஒதுக்கிவைத்து, வெல்லலாம் என்ற எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் நடத்தக் கூடாது என்று தடைவிதித்தது.